விறகு தின்னாத அடுப்பு

ஒரு கிலோ காய்ந்த விறகு. அதற்குள் எவ்வளவு வெப்பம் அடங்கியிருக்கிறது தெரியுமா?

ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு. அதாவது மூன்று நான்கு குடம் தண்ணீர்!

நம்ப முடியவில்லையா? நம்பாததும் நியாயம்தான். மூன்று கல் கூட்டிய அடுப்பில் அந்த ஒரு கிலோ விறகை எரித்தால் 5 லிட்டர் தண்ணீர் கொதிக்கும். மிஞ்சினால் 7 லிட்டர் கொதிக்கும். விறகிலுள்ள வெப்பத்தை 100 பங்காக வைத்தால், பானைக்குள் போய்ச் சேர்வது 10 முதல் 15 பங்குதான். மீதி எல்லாம் வீண்.

தலையில் சுமந்து வந்த விறகு. கால் வலிக்க நடந்து பொறுக்கிய சுள்ளி. பத்துச் சுமையில் எட்டுச் சுமைக்கு மேல் காற்றோடு போகிறது. அது சும்மாவும் போவதில்லை. போகும் வழியில் சமைப்பவரின் கண்ணையும் நெஞ்சையும் கெடுத்துவிட்டுப் போகிறது.

இந்த வெப்பம் எங்கே போகிறது? அதைத் தடுக்க முடியுமா? காசு அதிகம் இல்லாமல் தடுக்க முடியுமா? ராக்கெட்டைப் பற்றிப் படித்த அறிவியலாளர்கள் இருக்கும் இடத்தில் இந்தக் கேள்விகளையும் சிலர் கேட்டார்கள்.

பூரா கிராமத்தின் கணக்கு

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. நாட்டின் பெரிய ஆராய்ச்சி நிலையங்களில் அது ஒன்று. அங்கே அமுல்ய குமார் ரெட்டி என்ற பேராசிரியர் இருந்தார். மின்வேதியியலில் உலகப் பெயர் பெற்றவர். அவருடைய பாடநூலைப் பல நாட்டு மாணவர்கள் படித்தார்கள். 1974-ஆம் ஆண்டு அவரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு புதிய பிரிவைத் தொடங்கினார்கள். அதன் பெயர் 'அஸ்திரா'. கிராமங்களுக்கு அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் கொண்டு செல்வது அதன் வேலை.

உடனே அவர்கள் எதையும் செய்துவிடவில்லை. முதலில் கணக்கு எடுத்தார்கள். கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்தில் உங்ரா என்ற ஊரில் ஒரு மையம் அமைத்தார்கள். சுற்றியுள்ள கிராமங்களில் வீடு வீடாகப் போனார்கள். விறகை எடை போட்டார்கள். யார், எவ்வளவு நேரம், என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதினார்கள்.

அந்தக் கிராமங்களில் ஒன்று பூரா. 1977-இல் அங்கே 56 வீடுகள் இருந்தன. 357 பேர் வாழ்ந்தார்கள். ஒரு வருடத்தில் ஊர் எரித்த விறகு ஏறக்குறைய 217 டன். ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்குப் பத்து கிலோவுக்கு மேல் ஆகிறது.

அந்த ஊர் பயன்படுத்திய எல்லா ஆற்றலையும் கூட்டிப் பார்த்தார்கள். விறகு, மண்ணெண்ணெய், மின்சாரம், மாட்டின் உழைப்பு, மனித உழைப்பு எல்லாமே அதில் அடக்கம். நூற்றில் 90 பங்கு விறகிலிருந்துதான் வந்தது. மின்சாரம் ஒரு பங்கு அளவில்தான். ஊருக்குள் மின்கம்பி வந்துவிட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலம் அது.

இன்னொன்றும் தெரிந்தது. அந்த விறகில் பெரும்பகுதி காசு கொடுத்து வாங்கியது அல்ல. பொறுக்கி எடுத்தது. பொறுக்கியவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். காசு செலவாகாததால் யாரும் அதைச் செலவு என்றே நினைக்கவில்லை. நடந்த நேரமும் உழைத்த உழைப்பும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. பின்னால் வந்த பல சிக்கல்களுக்கு இதுதான் வேர்.

புகை என்பது என்ன?

அடுப்பைத் திருத்த வேண்டுமானால் முதலில் நெருப்பைப் புரிந்துகொள்ள வேண்டும்.

விறகு நேரடியாக எரிவதில்லை. சூடு ஏறியதும் முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது. பிறகு விறகுக்குள்ளிருந்து ஒருவகை வாயு வெளிவருகிறது. காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்கு இப்படி வாயுவாகத்தான் வெளியேறுகிறது. அந்த வாயு காற்றோடு கலந்து எரிவதுதான் சுவாலை. வாயு எல்லாம் போன பிறகு மிஞ்சுவது கரி. அது தணலாகக் கனன்று எரிகிறது.

வாயு எரிய இரண்டு வேண்டும். நல்ல சூடு வேண்டும். போதுமான காற்று வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வாயு எரியாமல் அப்படியே போகிறது. அதுதான் புகை. ஆகவே புகை என்பது எரியாமல் போன விறகு. கண்ணைக் கரிக்கும் ஒவ்வொரு புகைச் சுருளும் அடுப்புக்கு வெளியே கொட்டிய விறகுதான்.

ஒரு கிலோ விறகு முழுதாக எரிய ஏறக்குறைய 6 கிலோ காற்று வேண்டும். ஊதாங்குழலை எடுத்து ஊதினால் நெருப்புப் பிடிப்பது ஏன் என்று இப்போது புரியும். விறகு கேட்ட காற்றைச் சமைப்பவர் தம் நுரையீரலிலிருந்து கொடுக்கிறார்.

அப்படியானால் காற்று எவ்வளவு போனாலும் நல்லதா? இல்லை. மூன்று கல் அடுப்பில் எல்லாப் பக்கமும் காற்று வீசுகிறது. தேவைக்கு மேல் வரும் காற்று நெருப்பைக் குளிர வைக்கிறது. வெப்பத்தையும் வாரிக்கொண்டு போகிறது. குறைந்தால் புகை, கூடினால் குளிர்ச்சி. நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவைக் கண்டுபிடிப்பதுதான் பொறியியல்.

களிமண்ணில் ஒரு கருவி

அஸ்திராவில் எஸ். எஸ். லோக்ராஸ் என்பவரும், கே. எஸ். ஜகதீஷ் முதலான அவருடைய நண்பர்களும் அடுப்பில் இறங்கினார்கள். பரிசோதனைக் கூடத்தில் அடுப்புக் கட்டினார்கள். விறகை எடை போட்டு வைத்தார்கள். அளந்து தண்ணீர் ஊற்றினார்கள். வெப்பமானியை உள்ளே விட்டார்கள். கொதித்து முடிந்ததும் மிஞ்சிய விறகையும் கரியையும் எடை போட்டார்கள். பிறகு ஓரிடத்தில் அரை அங்குலம் மாற்றிக் கட்டினார்கள். மறுபடியும் எரித்தார்கள். இப்படித் திரும்பத் திரும்பச் செய்தார்கள்.

1980-களின் தொடக்கத்தில் ஓர் அடுப்பு உருவானது. 'அஸ்திரா ஒலெ' என்று அதற்குப் பெயர் வந்தது. கன்னடத்தில் ஒலெ என்றால் அடுப்பு. தமிழில் உலை வைப்பது என்கிறார்களே, அந்த உலைக்கு இது உறவுச் சொல்.

பார்ப்பதற்கு அது சாதாரண மண் அடுப்புதான். மண்ணும் செங்கல்லும் ஊரிலேயே கிடைக்கும். வெளியிலிருந்து வாங்க வேண்டியது ஓர் இரும்புக் கம்பித் தட்டு, சிமெண்டுக் குழாய் போன்ற சில பொருள்கள்தான். ஆனால் உள்ளே வேலை நுட்பமானது.

விறகு தரையில் கிடப்பதில்லை. கம்பித் தட்டின் மேல் கிடக்கிறது. தட்டுக்கு அடியில் காற்று வரும் வழி. கீழிருந்து வரும் காற்று தணலுக்குள் புகுந்து மேலே போகிறது. சாம்பல் கீழே உதிர்ந்துவிடுவதால் தணல் மூச்சு முட்டுவதில்லை. ஊதாங்குழலுக்கு வேலை குறைகிறது.

எரியும் அறை மூடிய அறை. விறகு போடும் வாய்க்கும் ஒரு மூடி உண்டு. அதனால் கண்டபடி காற்று உள்ளே வராது. சுவாலைக்குப் பக்கத்தில் சிறு துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே கொஞ்சம் காற்று வந்து வாயுவோடு கலக்கிறது. புகையாகப் போக வேண்டிய வாயு அங்கே சுவாலையாகிறது.

பானை வைக்க மூன்று குழிகள். கொடியடுப்பைப் பார்த்தவர்களுக்கு இது புதிது அல்ல. முதல் பானையைச் சூடாக்கிய சுவாலை வெளியே ஓடிவிடாமல் இரண்டாவது பானையின் அடியில் போகிறது. அங்கிருந்து மூன்றாவதுக்கு. முதலில் சோறோ களியோ, அடுத்து குழம்பு, கடைசியில் வெந்நீர். பிறகுதான் புகைபோக்கி.

எல்லாம் சேர்ந்து என்ன ஆயிற்று? பரிசோதனையில் விறகின் வெப்பத்தில் நூற்றில் 40 பங்குக்கு மேல் பானைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதாவது ஒரு கிலோ விறகில் 20 லிட்டர் தண்ணீர் கொதிக்கும். பழைய அடுப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விரல் கனத்தில் இருக்கிறது வேலை

இந்த அடுப்பில் விலை உயர்ந்த பொருள் ஒன்றும் இல்லை. அறிவு முழுவதும் அளவில்தான் இருக்கிறது.

பானையின் அடிக்கும் அடுப்பின் தரைக்கும் நடுவே ஓர் இடைவெளி விட வேண்டும். அந்த வழியாகத்தான் சூடான வாயு போகிறது. இடைவெளி குறுகலாக இருந்தால் வாயு பானையைத் தேய்த்துக்கொண்டு போகும். வெப்பம் நன்றாகப் பானைக்குள் இறங்கும். மிகவும் குறுகினால் வாயு நகராது. புகை வாய்ப்பக்கமாகத் திரும்பி வந்துவிடும். அகலமாக இருந்தாலோ வாயு பானையைத் தொடாமல் நடுவில் ஓடிப்போகும். வெப்பமும் அதோடு போகும்.

புகைபோக்கியும் இப்படித்தான். பலர் அதைப் புகை போகும் ஓட்டை என்று மட்டும் நினைக்கிறார்கள். உண்மையில் அது அடுப்பின் மூச்சுக்குழாய். சூடான வாயு எடை குறைந்தது. அது குழாயில் மேலே ஏறும். ஏறும்போது கீழேயிருந்து புதுக் காற்றை உள்ளே இழுக்கும். குழாய் குட்டையாக இருந்தால் இழுவை போதாது. மிகவும் அகலமாகவும் உயரமாகவும் இருந்தால் இழுவை அதிகமாகி, வெப்பத்தைக் கூரைக்கு மேலே கொண்டுபோய்க் கொட்டும்.

சுவரின் கனத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மண்சுவர் தடிமனாக இருந்தால் சூடு நிற்கும், அதனால் நல்லது என்பார்கள். சுவர் சூட்டைப் பிடித்து வைப்பது உண்மைதான். ஆனால் சுவர் பிடித்து வைத்த சூடு பானைக்குக் கிடைக்காத சூடு. சமையல் முடிந்த பிறகு அடுப்பு வெதுவெதுப்பாக இருந்து என்ன பயன்? பூனைக்குத்தான் பயன்.

பெண்கள் சொன்ன குறைகள்

கூடத்தில் தண்ணீர் கொதிக்க வைப்பது ஒன்று. வீட்டில் சமைப்பது வேறு.

தும்கூர்ப் பக்கம் கேழ்வரகுக் களிதான் முக்கிய உணவு. களி கிண்ட வலுவாகத் துழாவ வேண்டும். பானை ஆடக் கூடாது. அடுப்பும் பெயரக் கூடாது. விறகையும் சிறு துண்டுகளாக வெட்டிப் போட வேண்டியிருந்தது. பழைய அடுப்பில் நீளக் கட்டையை அப்படியே செருகிவிட்டு, எரிய எரியத் தள்ளிக்கொண்டே வேறு வேலை பார்க்கலாம். புது அடுப்பில் அது முடியாது. விறகு மிச்சம், ஆனால் வெட்டும் வேலை கூடுதல். வெட்டித் தருவது யார்? இதற்கு எந்த வெப்பமானியும் பதில் சொல்லாது.

இந்த மாதிரிக் குறைகளைக் கேட்காமல் செய்த அடுப்பு, மூலையில் விறகு அடுக்கும் மேடையாகிவிடும். பல ஊர்களில் அப்படி ஆகவும் செய்தது.

மூன்று கோடி அடுப்புகள்

புகையில்லா அடுப்புக்கான முயற்சி அஸ்திராவுக்கு முன்பே தொடங்கியது. வார்தாவில் காந்தியவாதிகள் 'மகன் அடுப்பு' செய்தார்கள். ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியாளர் 1950-களிலேயே இதைப் பற்றி நூல் எழுதினார். 1980-களில் மத்திய அரசு நாடு முழுவதற்கும் மேம்பட்ட அடுப்புத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அரசு மானியம் தந்தது. 2002-இல் திட்டம் முடிந்தபோது 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கட்டப்பட்டிருந்தன.

எத்தனை அடுப்பு கட்டினோம் என்ற கணக்கு இருந்தது. எத்தனை அடுப்பு எரிகிறது என்ற கணக்கு அவ்வளவு கவனமாக இல்லை. எண்ணிக்கைக்காக அவசரமாகக் கட்டினார்கள். ஓர் ஊரில் இடைவெளி இரண்டு விரல் கூடியது. இன்னோர் ஊரில் குழாய் கூரைக்கு அடியிலேயே நின்றது. பார்வைக்கு அதே அடுப்புதான். ஆனால் அளவு தவறினால் அது வெறும் மண் மேடை.

கட்டிய பிறகும் கவனிப்பு வேண்டும். ஒடிசாவில் ஓர் ஆய்வு நடந்தது. 44 கிராமங்களில் ஏறக்குறைய 2600 குடும்பங்களை அறிஞர்கள் நான்கு ஆண்டு வரை கவனித்தார்கள். புகைபோக்கி வைத்த மண் அடுப்புகள் அங்கே கொடுக்கப்பட்டன. முதல் ஆண்டில் சமைப்பவர்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அந்தப் பயன் மறைந்துவிட்டது. அடுப்பைப் பலர் தொடர்ந்து பயன்படுத்தவில்லை. பழுதையும் சரிசெய்யவில்லை. விறகுச் செலவும் குறையவில்லை. 2012-இல் இந்த முடிவு வெளிவந்தபோது அடுப்புக்காகப் பாடுபட்டவர்களுக்கு அது கசப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டிய கசப்பு.

காசு கொடுப்பவர் கணக்குப் பார்ப்பார்

அஸ்திராவில் அடுப்பு வேலை செய்தவர்களில் ஸ்வாதி போக்லே ஒருவர். அவர் 1993-இல் பெங்களூரில் 'டைட்' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதே அறிவியலை அவர்கள் சிறு தொழில்களுக்குக் கொண்டு போனார்கள். பாக்கு வேகவைக்கும் அடுப்பு, துணிக்குச் சாயம் போடும் அடுப்பு, பட்டு நூல் எடுக்கும் அடுப்பு என்று பலவற்றைத் திருத்திக் கட்டினார்கள்.

இங்கே ஒரு வேறுபாடு இருந்தது. பாக்கு வேகவைப்பவர் விறகை லாரியில் காசு கொடுத்து இறக்குகிறார். மூன்றில் ஒரு பங்கு விறகு குறைந்தால் அது அவர் பையில் நேராகத் தெரிகிறது. அடுப்புக்குச் செலவழித்த பணம் திரும்பி வந்துவிடுகிறது. அடுப்பு பழுதானால் அவரே கொத்தனாரைத் தேடிப் போகிறார். வீட்டு விறகுக்கு அப்படிக் கணக்குப் பார்க்க ஆள் இல்லை. பொறுக்கி வருபவர் ஒருவர், அடுப்புக்குக் காசு கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் இன்னொருவர்.

வீட்டு அடுப்பையும் அவர்கள் கைவிடவில்லை. கர்நாடகத்தில் கிராமப் பெண்களுக்கே அடுப்புக் கட்டும் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் கூலி வாங்கிக்கொண்டு மற்ற வீடுகளில் கட்டித் தந்தார்கள். இந்தப் பணிகளுக்காக 2008-இல் டைட் நிறுவனத்துக்கு இங்கிலாந்தின் ஆஷ்டன் விருது கிடைத்தது.

இன்றைக்கு அடுப்பங்கரையில்

2016-இல் உஜ்வலா திட்டம் வந்தது. ஏழை வீட்டுப் பெண்களின் பெயரில் சமையல் எரிவாயு இணைப்புக் கொடுக்கும் திட்டம் அது. 10 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் கொடுக்கப்பட்டன. புகையைப் பொறுத்தவரை எரிவாயுவுக்கு எந்த விறகு அடுப்பும் ஈடாகாது. மிக நல்ல மண் அடுப்பில்கூட ஓரளவு புகை உண்டு. புகைபோக்கி அதை வெளியே தள்ளும், இல்லாமல் செய்துவிடாது.

வீட்டுக்குள் இருக்கும் புகை சிறிய விஷயம் அல்ல. 2020-இல் மட்டும் உலகம் முழுவதும் 32 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளும் அதில் 2 லட்சத்துக்கு மேல். சமைக்கும் தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தையும் அதே புகையைத்தான் சுவாசிக்கிறது.

ஆனால் சிலிண்டர் இருக்கும் வீட்டிலும் விறகு அடுப்பு அணையவில்லை. விலை ஏறும்போது சிலிண்டர் மூலைக்குப் போகிறது. குளிக்கும் வெந்நீருக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் விறகுதான். அதனால் மண் அடுப்பின் அளவுகளைத் தெரிந்து வைத்திருப்பது இன்றும் வீண் இல்லை.

அப்படிப்பட்ட அடுப்பு வீட்டில் இருந்தால் முதலில் விறகைக் காய வையுங்கள். ஈர விறகு தன் வெப்பத்தைத் தன்னைக் காயவைக்கவே செலவழிக்கும். கட்டை விரல் பருமனுக்குப் பிளந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். வாய் நிறையத் திணித்தால் வாயு அதிகமாகி, காற்றுப் பற்றாமல் புகையும். குழிக்குப் பொருந்தும் பானையை வையுங்கள். பானை இல்லாத குழியைத் திறந்து விடாமல் ஒரு பாத்திரத் தண்ணீராவது வையுங்கள். குழாயின் முனை கூரைக்கு மேலே நிற்கிறதா என்று வெளியே வந்து பாருங்கள்.

நாள் ஆக ஆகக் குழாய்க்குள் கரி படியும். கையகலக் குழாய் விரலகலம் ஆகிவிடும். அடுப்பு வாய்ப்பக்கம் புகை திரும்பத் தொடங்கினால் பெரும்பாலும் காரணம் இதுதான். நீளக் குச்சியின் நுனியில் கந்தலைக் கட்டி, அடுப்பு ஆறியிருக்கும்போது மேலிருந்து கீழாக இழுத்தால் கரி கீழே கொட்டும். மாதம் ஒருமுறை செய்தால் போதும். கூரை மேல் ஏற வேண்டிய வேலை இது. வீட்டு ஆண்கள் ஏறலாம்.